ஒரே அடுப்பு என்று சொன்னேன்

ஜூன் 2, திங்கள்

விடியலில் இருந்து தூறல். எதிர் மலை தெரியவில்லை. அடுப்புக்கு வைத்த தேயிலை மிலாறு, வெட்டிப் போட்ட குச்சி, எல்லாம் நனைந்து ஒரே புகை.

நாளைக்கு வெளிநாட்டு ஆட்கள் வருகிறார்கள். அந்த நாட்டு அரசாங்கம் நம் அரசாங்கத்துக்குக் கொடுக்கிற உதவியில், தோட்டத்து மேல் பிரிவில், மேல் கணக்கு மைதானத்துக்குப் பக்கத்தில் வீடு கட்டப் போகிறார்களாம். போன மழையில் நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால் மண் வெடித்தது. அதில் இருந்து இங்கே யாருக்கும் சரியான தூக்கம் இல்லை.

லயத்தில் ஒவ்வொரு அறையாக, காம்பரா காம்பராவாக வந்து பேசுவார்களாம். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டால் தடுமாறக் கூடாது. சொல்ல வேண்டியது:

கவிதா. மூத்தவன் சிவத்தின் மகள். கல்வியியல் கல்லூரியில் இரண்டாம் வருஷம். டீச்சராக வரப்போகிறாள். எங்கள் லயத்தில் இருந்து அப்படிப் போன முதல் பிள்ளை.

தினேஷ். அவள் தம்பி. ஓ எல் பரீட்சையில் எல்லாப் பாடமும் பாஸ், கணக்குக்கு ஏ. அட்டன் டவுனில் தங்கி மோட்டார் வேலை படிக்கிறான்.

நித்யா. இளையவன் செல்வத்தின் மகள். புலமைப்பரிசில் பரீட்சை பாஸ். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அந்த வருஷம் அவள் ஒருத்திதான். இப்போது டவுன் பள்ளிக்கூடம். இங்கிலீஷில் மேடை ஏறிப் பேசினாள். எனக்கு ஒரு சொல் விளங்கவில்லை. கைதட்டிக் கை சிவந்து போச்சு.

பாபு. அவள் தம்பி. சாக்கு ஓட்டத்தில் இரண்டாவது. முதலாவது வந்தவன் சாக்கை இடுப்பில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினான். எல்லாரும் பார்த்தார்கள், மாஸ்டர் மட்டும் பார்க்கவில்லை.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். பரவாயில்லை. இதுகள் நிற்கவில்லை.

செய்ய வேண்டியது: அடுப்பு மெழுக. கோழியைக் கட்ட. இஸ்தோப்புத் திண்ணையில் கிடக்கிற பாயைச் சுருட்ட. முன்பக்கத்து இஸ்தோப்பைத் தகரம் அடித்து மறைத்ததில் செல்வம் குடும்பம். உள் காம்பராவில் சிவம் குடும்பம். நான் அடுப்படியில், அதுதான் சூடு.

நீலச் சேலை துவைத்தேன். காயாது. அடுப்புக்கு மேல் கொடியில் போட்டிருக்கு.


ஜூன் 3, செவ்வாய்

மழை விட்ட நேரமாகப் பார்த்து வந்தார்கள். அந்த நாட்டு அம்மா ஒருத்தர், நல்ல உயரம், ரப்பர் பூட்ஸ். அவர் பேசுவதைத் தமிழில் சொல்லக் கொழும்பில் இருந்து கண்ணாடி போட்ட ஒரு தம்பி. நம்ம கிராம சேவகர், ஜி.எஸ். மாத்தையா. பின்னால் கண்டாக்கையா, தோட்டத்து ஆபீஸ் சார்பில், குடையோடு.

“ஆச்சி, இந்தக் காம்பராவுல எத்தனை குடும்பம் இருக்கீங்க?”

“குடும்பம் ஒண்ணுதாங்க தம்பி. ஆளு ஒன்பது.”

“ரெண்டு மகன்மாரும் கல்யாணம் முடிச்சவங்க தானே?”

“ஆமாங்க. ஆனா ஒலை ஒண்ணு, அடுப்பு ஒண்ணு. இந்த லயத்துல இன்னும் பிரியாத வீடு எங்க வீடு ஒண்ணுதான். உள்ள வந்து பாருங்க.”

அந்த அம்மா ஏதோ கேட்டார். எல்லாரும் சேர்ந்தா சமைக்கிறீங்கன்னு கேக்குறாங்க என்றான் தம்பி.

“பின்ன? ஒரே சட்டியில ஒன்பது பேருக்குக் கொழம்பு வெக்கிறது சும்மாவா? அவங்கள ஒருநாள் வெச்சுப் பாக்கச் சொல்லுங்க.”

அவன் சொன்னதும் அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். அடுப்பைப் படம் எடுத்தார். பிள்ளைகளைப் பற்றி எல்லாம் சொன்னேன், ஒன்றும் விடவில்லை. பாபுவுக்குக் கை கொடுத்தார். இவன் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுக் கொடுத்தான்.

ரேவதி கதவோரம் நின்றாள். செல்வத்தின் பெண்சாதி. என்னவோ சொல்ல வாயெடுத்தாள், நான் பேசிக்கொண்டிருந்ததால் அடக்கிக்கொண்டாள். குறுக்கே பேச மாட்டாள். நல்ல வளர்ப்பு.

போகும்போது அந்த அம்மா கும்பிட்டார். நானும்.

சேலையில் ஒரே புகை வாடை. இருக்கட்டும்.


ஜூன் 5, வியாழன்

வெயில் கொஞ்சம். உளுந்து காயப் போட்டேன், உடனே மேகம் மறைத்துவிட்டது.

பக்கத்துக் காம்பரா பாக்கியம் வந்தாள். சேர்ந்து கொழுந்தெடுத்தவள், அதனால் வாய்க்கு வந்தபடி பேசுவாள்.

“என்னடி, ஒரே அடுப்புன்னு பீத்திக்கிட்டியாமே?”

“உள்ளதச் சொன்னேன்.”

“கிழிச்ச. அடுப்புக்கு ஒரு வீடுடி! ஒரு அடுப்பு ஒரு குடும்பம், அப்பிடித்தான் எண்ணுறாங்களாம். எம்மருமக அக்காக்காரி எஸ்டேட்டுல அப்பிடித்தான் நடந்துச்சு. நான் மூணு காட்டினேன்.”

அவளுக்கு மகன் இரண்டு பேர்தான்.

“மூணாவது எனக்கு! கோயில் கல்ல தூக்கியாந்து வெச்சு, சாம்பல அள்ளிப் போட்டு, மேல பானையக் கவுத்துட்டேன். உள்ள அடகோழி. சத்தம் போட்டுருமோன்னு நான் இருமிக்கிட்டே நிக்கிறேன், அது கம்முனு இருந்துச்சு. அதுக்கு இருக்குற புத்தி ஒனக்கு இல்ல பாரு.”

இரண்டு பேரும் கண்ணில் தண்ணி வரச் சிரித்தோம். அவள் போனபிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்படி எண்ணுவார்களா? ஆளைத்தானே எண்ண வேண்டும். இருக்காது.


ஜூன் 8, ஞாயிறு

மழை. கோயில் மண்டபத்தில் ஜி.எஸ். எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார்.

அப்படித்தான் எண்ணியிருக்கிறார்கள்.

பாக்கியம் வீட்டுக்கு இரண்டு. (மூன்றாவது ஒத்துக்கொள்ளவில்லை. கோழி வீண்.) எங்களுக்கு ஒன்று. மூத்தவன் என்று சிவத்தின் பேருக்கு. இரண்டு அறை, சமைக்கக் குசினி, கக்கூஸ் வீட்டோடு. குடி போனதும் லயத்தை இடித்துவிடுவார்கள், மண் மோசமாம், ஒருத்தரும் இருக்கக் கூடாதாம். வீட்டில் ஒரு தகரம் கூடுதலாக இறக்கக் கூடாது, வாசலை மறைக்கக் கூடாது, அந்த நாட்டுக்காரர் போட்ட பிளான் அப்படியே இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து, ஒரு காம்பராவில் இருந்தவர்கள் இரண்டு அறையில் இருக்க மாட்டோமா என்று நான்தான் ஆரம்பித்தேன்.

தனம், மூத்த மருமகள், “எனக்கு ஒண்ணும் இல்ல அத்த. கவிதா லீவுல வந்தா எங்க படுப்பா? வயசுப் புள்ள.”

சிவம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான், சின்ன வயதில் இருந்து அப்படி.

செல்வம் சொன்னான், “அண்ணன் வீடு அண்ணனுக்கு. பன்னெண்டு வருஷம் இஸ்தோப்புல கெடந்துட்டேன். அங்க போயும் வாசல்ல பாய் விரிக்கவா? அதுலயும் வாசல மறைக்கக் கூடாதாம்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன். சிரித்துக்கொண்டே சொன்னான்.

ரேவதி பின்னால் சட்டி கழுவினாள். கழுவின சட்டியையே திரும்பவும்.

குடும்பம் ஒண்ணுதாங்க தம்பி. நான் சொன்னது.


ஜூன் 9, திங்கள்

யார் கொடுக்கிற வீடு, ஏன் கொடுக்கிறார்கள் என்று கேட்கக் கவிதாவுக்குப் போன்.

அவள் சொன்னாள்: பெரிய நாடுகள் நம்ம மாதிரி சின்னத் தீவு நாடுகளுக்கு இப்படிக் கொடுக்குமாம். மாலைதீவுக்கும் கொடுப்பார்களாம், இன்னும் தூரக் கடலில் பேர் தெரியாத தீவுகளுக்கும். எல்லாம் அந்த நாட்டுச் சனங்கள் கட்டுகிற வரி.

“சும்மாவா குடுக்குறாங்க?”

“சும்மா யாரு குடுப்பா அப்பாயி? இரக்கமும் இருக்கும். கடல்ல நாம இருக்கிற எடம் அவங்களுக்கு வேணும், அதுவும் இருக்கும்.”

நான் கடலை வாழ்நாளில் ஒரு தரம் பார்த்தவள். கதிர்காமம் போன பஸ்ஸில் இருந்து. இங்கே மழைதான் இருக்கிறது, அது வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போகட்டும்.

பிறகு யோசித்தேன். அங்கே என்னை மாதிரி ஒரு பொம்பளை கடையில் சீனி வாங்கும்போது அதில் இருந்து ஒரு பங்கு போய், இங்கே சிவத்துக்குச் சுவராக நிற்கப் போகிறது. அவள் யாரோ. அவளிடம் போய் இன்னொன்று கொடம்மா என்று எப்படிக் கேட்பது.

பின்னேரம் சிவம் தோட்டத்துச் சங்கத் தலைவரைப் பார்த்துவிட்டு வந்தான். தலைவர் சொன்னாராம், “அடுப்பப் பிரிச்சு வைங்க. திரும்ப வந்து பாக்கச் சொல்றேன்.”

பிரிக்கிறதாம். சும்மா காட்டுவதற்குத்தான். வீடு வந்ததும் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம்.


ஜூன் 11, புதன்

பனி. பத்து மணிவரை விளக்கு போட வேண்டியிருந்தது.

இஸ்தோப்பில் அடுப்பு போட்டாச்சு. செல்வம் மண் குழைத்தான், நான் கல் பார்த்துக் கொடுத்தேன். எனக்குக் கல்யாணம் ஆனபோது மாமியார் சொன்னார், இந்த வீட்டில் அடுப்பு பிரிந்தது என்று ஊர் பேசக் கூடாது என்று. அந்த மனுஷி போய்விட்டார், நல்லவேளை.

ரேவதி சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்திவிட்டுப் பற்ற வைத்தாள். சும்மா காட்டுவதற்கு எதற்குக் கற்பூரம் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

முதல் சமையல் பருப்பு, கருவாடு. இத்தனை வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் துருவினவள், பருப்புக்கு இவ்வளவு பூண்டு போடுவாள் என்று எனக்குத் தெரியாது. ருசி.

பாபு இரண்டு அடுப்பிலும் சாப்பிட்டான். தனம் கேட்டாள், “ஏன்டா, அங்க தின்னுட்டுத்தானே வந்த?” “அது எங்க வீட்டுல, இது உங்க வீட்டுல” என்றான். எல்லாரும் சிரித்தோம்.


ஜூன் 16, திங்கள்

அந்த அம்மா திரும்ப வந்தார். அதே தம்பி, அதே ஜி.எஸ்., அதே கண்டாக்கையா. தலைவரும் வெள்ளைச் சட்டையோடு.

ஜி.எஸ். குனிந்து புது அடுப்பைப் பார்த்தார். பிறகு விரலால் பின்சுவரைத் தடவி என்னிடம் காட்டினார். சுண்ணாம்பு.

“அனே, ஐயோ ஆச்சி, செவுத்துல கரி இல்லையே.”

உள்ளே பழைய அடுப்படிச் சுவரோ, கை வைத்தால் கை கறுத்துவிடும்.

அந்த அம்மா மெதுவாகக் கேட்டார். தம்பி என்னைப் பார்க்காமல் சொன்னான், “அன்னைக்கு சொன்னது உண்மையா, இன்னைக்குக் காட்டுறது உண்மையான்னு கேக்குறாங்க ஆச்சி.”

“ரெண்டும் உண்மைதாங்க.”

அவன் அதைச் சொல்லாமல் நின்றான்.

“அன்னைக்கு ஒண்ணா இருந்தோம். அதப் பெருமையா நெனச்சுச் சொன்னேன். அப்பிடிச் சொன்னதுனால பிரிஞ்சோம். அப்பிடியே சொல்லுங்க தம்பி, கூட்டாதீங்க, கொறைக்காதீங்க.”

சொன்னான். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நீளமாகச் சொன்னார். இத்தனை வீடு என்று அவர்கள் நாட்டில் முடிவாகிவிட்டது, இனி ஒன்று கூட்ட வேண்டுமானால் எல்லாவற்றையும் அங்கே முதலில் இருந்து தொடங்க வேண்டும், அது அவர் கையில் இல்லை. நம் அரசாங்கம் கேட்டால் பார்க்கலாம். ஜி.எஸ். சொன்னார், நாங்கள் எப்படிக் கேட்பது, குடும்பம் என்றால் என்ன என்பது அவர்கள் போட்ட நிபந்தனை. கண்டாக்கையா சொன்னார், வீடு வந்தாலும் கட்டக் காணி இல்லை, கம்பெனி விட்டுக்கொடுத்த நிலம் அவ்வளவுதான். தலைவர் போனை எடுத்து ஹலோ ஹலோ என்று வெளியே போனார்.

எல்லாரும் நல்ல மனுஷர். ஒருத்தர் முகத்தைப் பார்த்தும் திட்ட முடியவில்லை. யாராவது ஒரு ஆள் கெட்டவனாக இருந்திருந்தால் மனசு ஆறியிருக்கும்.

தேத்தண்ணி கொடுத்தோம். அந்த அம்மா முழுசாகக் குடித்துவிட்டுப் போனார்.


ஜூன் 20, வெள்ளி

காற்று. தகரம் அடித்துக்கொண்டே இருக்கிறது.

இனி அந்த அடுப்பு எதற்கு? ரேவதியிடம் போய்ச் சொன்னேன், போதும்மா, பழையபடி சேர்ந்து வைக்கலாம் என்று.

ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு, “அத்த, கோவிச்சுக்காதீங்க” என்றாள்.

“சொல்லு.”

“இந்த ஒரு வாரமா எம்புள்ளைக்குப் பசிச்ச நேரத்துல சோறு போட்டேன். அங்க எல்லாருக்கும் வடிச்சு, எல்லாரும் வந்து, கவிதா அப்பா சாப்பிட்டு, அப்புறம்தானே. நான் கொற சொல்லல. நீங்க எனக்கு ஒரு கொறையும் வெக்கல.”

“பின்ன என்னம்மா?”

“எனக்குன்னு ஒண்ணு எரியுது. அத அணைக்கச் சொல்லாதீங்க.”

கோபம் இல்லை அவள் குரலில். மூத்தவளிடம் சொன்னேன். தனம், “விடுங்க அத்த, அவளாச்சும்…” என்று சொல்லி நிறுத்தினாள். அவளாச்சும் என்ன?

காட்டுவதற்குப் போட்ட அடுப்பு நிஜமாகவே எரிகிறது. வீடு மட்டும் ஒன்று.

நான் காலையில் இஸ்தோப்பில் சாப்பிடுகிறேன், ராத்திரி உள்ளே. இரண்டு பக்கமும் எனக்குப் பெரிய மீன் துண்டாக வைக்கிறார்கள். விருந்தாளிக்கு வைக்கிற மாதிரி.

முழங்கால் வலி. தைலம் முடிந்தது.


ஜூலை 3, வியாழன்

திறப்பு விழா. மழை பெய்யவில்லை, ஆச்சரியம். இவ்வளவு சீக்கிரம் கட்டி முடிப்பார்கள் என்று ஒருத்தரும் நினைக்கவில்லை. முன்னமே செய்து வைத்த சுவரைத் துண்டு துண்டாகக் கொண்டுவந்து ராத்திரி பகலாகப் பொருத்தினார்கள்.

தப்பு மேளம், மாலை, இரண்டு நாட்டுக் கொடி. அந்த நாட்டுப் பெரியவர் ரிப்பன் வெட்டினார். வீட்டு வாசலில் பித்தளைப் பலகை, மூன்று மொழியிலும், அந்த நாட்டு மக்களின் அன்பளிப்பு என்று. எழுத்துக்கூட்டிப் படித்தேன். சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள், மக்கள் என்று.

வரவேற்புரை இங்கிலீஷில். யார்? என் நித்யா. டவுன் பள்ளிக்கூடத்து வெள்ளைச் சீருடை, ரெட்டைச் சடை. பள்ளிக்கூடத்தில் இருந்து அவளைத்தான் அனுப்பியிருந்தார்கள். ஒரு இடத்தில் கூடத் தடுக்கவில்லை. அந்தப் பெரியவர் எழுந்து நின்று கைதட்டி, அவளிடம் குனிந்து என்னவோ கேட்டார். அவளும் கை காட்டிப் பதில் சொன்னாள்.

என்ன கேட்டார் என்று கண்ணாடி போட்ட தம்பியிடம் கேட்டேன்.

“இதுல உங்க வீடு எதுன்னு கேட்டாரு ஆச்சி.”

“என்னா சொன்னா?”

“அந்தா அது எங்க அப்பாயி வீடு, அப்பிடின்னு சொல்லிச்சு பாப்பா.”

பிறகு வீட்டு முன்னால் குடும்பப் படம். சிவம், தனம், கவிதா, தினேஷ், நான். நித்யாவைக் கை காட்டிக் கூப்பிட்டேன். தம்பி கிட்டே வந்து காதில் சொன்னான், “இந்த வீட்டுக் குடும்பம் மட்டும் ஆச்சி.” அவள் வந்தவள் பாதியில் நின்று, பாபுவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவன் தூக்குகிற வயசு இல்லை.

சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தேன்.

பால் காய்ச்ச ரேவதி செம்பில் பால் கொண்டுவந்தாள், வெற்றிலை பாக்கோடு, வேறு தோட்டத்தில் இருந்து உறவுக்காரர் வருவது போல. பால் நன்றாகப் பொங்கியது.


ஜூலை 6, ஞாயிறு

தூறல். லயத்தை இடிக்க நாளைக்கு பெக்கோ மெஷின் வருகிறது. செல்வம் இன்றைக்கே கிளம்பிவிட்டான். வட்டகொடையில் ரேவதியின் அம்மா இருக்கிற லயத்தில் தங்குவார்கள். அங்கேயும் ஒரு காம்பராதான். அங்கேயே தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்து வேலை கேட்டிருக்கிறான். நித்யாவுக்குத் தலவாக்கலையில் பள்ளிக்கூடம் பார்க்க வேண்டும். அவளை மட்டும் விட்டுட்டுப் போ என்று கேட்டேன். செல்வம் என்னைப் பார்த்துவிட்டு, அவள் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

சிவம் சாமான் எல்லாம் சுமந்து கொண்டுபோய் ஸ்டேஷனில் வைத்தான். ஒரு மூட்டைக்கு அண்ணனும் தம்பியும் சேர்ந்து கை போட்டார்கள்.

ரேவதி காலில் விழுந்தாள். “வாங்க அத்த. ஒருநாள் சாப்பிட வாங்க.”

பாபு ரயில் வந்ததும் என்னை மறந்துவிட்டான். அதுவும் நல்லதுதான்.

அந்த அம்மாவையோ, அந்தத் தம்பியையோ பார்த்தால் இன்னொரு தரம் கேட்கலாம். வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார்களாம்.


ஜூலை 13, ஞாயிறு

நல்ல வெயில். வீடு நல்ல வீடு, குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஒழுகவில்லை. ராத்திரியில் கக்கூஸ் போக டார்ச் வேண்டாம். பின்னால் மண் சத்தம் கேட்காது. தூக்கம் மட்டும் வரவில்லை. ஐந்து பேரில் இரண்டு பேர் வெளியூரில், வடிக்கிற சோறு மிஞ்சுகிறது. எனக்கு இன்னும் கை அளவு வரவில்லை.

விழாவில் எடுத்த படத்தைக் கண்ணாடி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நான் நடுவில். பாக்கியம் பார்த்துவிட்டு, “ஒம்மூஞ்சில என்னாடி, வேப்பெண்ணெய் குடிச்சாப்ல” என்றாள். வீடு இரண்டு வந்தும் அவளுக்கு வாய் குறையவில்லை.

நித்யா போன் பண்ணினாள். புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாச்சு. வந்த வாரமே இங்கிலீஷ் டீச்சர் அவளை எழுப்பி வாசிக்கச் சொன்னாராம், வகுப்பே திரும்பிப் பார்த்ததாம். பாபு ஓட்டத்துக்குப் பேர் கொடுத்திருக்கிறான், இந்தத் தடவை சாக்கு இல்லாத ஓட்டம். செல்வத்துக்கு வேலை இன்னும் சொல்லவில்லை. ரேவதி பக்கத்தில் என்னவோ தாளித்தாள், போனில் சத்தம் கேட்டது.

தினேஷ் போனுக்குப் படம் அனுப்புகிறேன் அப்பாயி என்றாள். வேண்டாம். அதில் பார்க்கும்போதே திரை இருட்டிவிடுகிறது, அவனும் போனைத் தூக்கிக்கொண்டு அட்டனுக்குப் போய்விடுகிறான். அடுத்த ஞாயிறு அவள் போன் பண்ணும்போது சொல்ல வேண்டும்: தலவாக்கலை ஸ்டூடியோவுக்குப் போய் நாலு பேரும் நின்று எடுக்கச் சொல்ல. ரேவதியும் நிற்கணும், ஒதுங்கி நிற்கக் கூடாது. நித்யா புதுச் சீருடையில். தபாலில் போடச் சொல்ல. விலாசம் கேட்பாள். புது வீட்டுக்கு இன்னும் இலக்கம் வரவில்லை, பழைய லயத்து நம்பரையே எழுதட்டும், லயம் இல்லாவிட்டாலும் தபால்காரருக்கு என்னைத் தெரியும். புதுப் படமாக இருக்க வேண்டும். சீக்கிரம் போடச் சொல்ல வேண்டும்.